மொட்டை மாடி கிடைக்காதவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை அடுக்ககங்களின் கீழ்த்தளத்திலும் முதல் இரண்டு மாடிகளிலும் குடியிருப்பவர்களே,



மாடித்தோட்டம் பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகளும் காணொளிகளும் பெரும்பாலும் மொட்டை மாடி வாய்த்தவர்களுக்கானவை. உங்கள் கட்டடத்து மொட்டை மாடியின் சாவி அசோசியேஷன் செயலாளரிடம் இருக்கிறது. அங்கே தண்ணீர்த் தொட்டியும் டிஷ் ஆன்டெனாக்களும், மேல்வீட்டு மாமி காயப்போட்ட வடாமும்தான் வெயில் காய்கின்றன. உங்களுக்கென்று இருப்பது நாலடிக்கு எட்டடியில் ஒரு பால்கனி. கீழ்த்தளமென்றால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிச் சிமென்ட் பூசிய ஒரு துண்டு இடம். பத்தடி தள்ளி அடுத்த கட்டடம். காலையிலோ மாலையிலோ கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும். சில மாதங்களில் அதுவும் இல்லை. இங்கே என்ன வரப்போகிறது, மணி பிளான்ட்டைத் தவிர என்று நீங்களே தீர்ப்பும் எழுதியிருப்பீர்கள்.

அந்தத் தீர்ப்பை மேல்முறையீடு செய்யத்தான் இந்த மடல். மே மாதம் வந்தால் மொட்டை மாடிக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? குழாய் நட்டு, கம்பி இழுத்து, பச்சை நிழல்வலை வாங்கிக் கட்டுகிறார்கள். வெயிலைப் பாதியாக்கக் காசு கொடுக்கிறார்கள். உங்களுக்கு அந்த வேலையைப் பக்கத்துக் கட்டடக்காரர் தன் செலவில் செய்து முடித்துவிட்டார். தகராறு எல்லாம் அந்த நிழலுக்கு அடியில் தக்காளியையும் ரோஜாவையும் வைத்து, அவை மொட்டை மாடியில் காய்ப்பதுபோலக் காய்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான்.

நிழலில் பயிர் செய்வது நமக்குப் புதிதுமில்லை. சோழவந்தான், ஆத்தூர் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் அகத்தியை விதைத்து வளரவிடுவார்கள். அது எழும்பிய பிறகுதான் அதன் காலடியில் வெற்றிலைக் கொடி. அகத்தி கொடிக்குக் கொழுகொம்பு, கூடவே குடையும். இரண்டு ஊர் வெற்றிலையும் 2023இல் புவிசார் குறியீடு பெற்றன; அந்தப் பெருமையில் ஒரு பங்கு நிழலுக்கும் சேர வேண்டும். ஏற்காட்டிலும் தாண்டிக்குடியிலும் காப்பிச் செடி மரத்தடியில்தான் நிற்கிறது, அந்த மரத்தின் மேலே மிளகு ஏறுகிறது. நிழலை விதை போட்டு வளர்த்த ஊர் இது.

ஆகவே முதலில் நர்சரிக்குப் போகாதீர்கள். முதலில் உங்கள் வெயிலைப் படியுங்கள். இதில் புத்தகத்தை நம்பினால் ஏமாந்து போவீர்கள். தெற்குப் பார்த்த இடம் வெயில், வடக்குப் பார்த்த இடம் நிழல் என்று ஆங்கிலத் தோட்டப் புத்தகங்கள் சொல்லும். லண்டனுக்கு அது சரி. அங்கே சூரியன் ஒருநாளும் தலைக்கு மேல் வராது, ஆண்டு முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் நடக்கும். சென்னை இருப்பது 13 பாகை வடக்கில். இங்கே ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது: ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு தடவை, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மறு தடவை. நடுவில், சித்திரைப் பாதியிலிருந்து ஆடி முடியும்வரை, நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது.

இதன் விளைவை உங்கள் பால்கனியில் பாருங்கள். வடக்குப் பார்த்த பால்கனிக்கு நேர் வெயில் கிடைப்பதே கோடையில்தான். உச்சி வெயிலை மேல்மாடித் தளம் மறைத்துவிடும். காலையில் வடகிழக்கிலிருந்தும் மாலையில் வடமேற்கிலிருந்தும் சாய்வாக நுழைகிற வெயில்தான் அதன் பங்கு. புரட்டாசி முதல் வாரம் தாண்டியதும் அதுவும் நின்றுபோகும். மறுபடி பங்குனியில்தான் வரும். தெற்குப் பார்த்த பால்கனி நேர்மாறு. அக்னி நட்சத்திரத்தில் அங்கே குளுமையான நிழல், மார்கழியில் வாசல்படிவரை வெயில். டிசம்பர் 21ஐ ஒட்டி நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 53 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அந்தச் சாய்வில் வரும் ஒளி பால்கனியின் உள்சுவரைத் தொட்டுவிடும். பத்தடியில் எதிர்க்கட்டடம் எழும்பி நின்றால் இந்தக் கணக்கில் பாதி அடிபட்டுப் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்து எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அந்தத் திசைதான் உங்கள் வெயில்.

கிழக்குப் பால்கனி உள்ளவர்கள் பாக்கியசாலிகள். காலை வெயில் இதமானது. கீரைக்கு அதைவிட வேறு வரம் வேண்டியதில்லை. மேற்குதான் படுத்தும். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்துவரை அடிக்கிற வெயிலோடு, சூடேறிய சுவரும் இரவுவரை அனலடிக்கும். மேற்குப் பால்கனிக்காரர்கள் கம்பியோரத்தில் பிரண்டையையும் கற்றாழையையும் காவலுக்கு நிறுத்திவிட்டு, மெல்லிய இலைச் செடிகளை அவற்றின் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

அளப்பது எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு, பத்துக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு, வெயில் விழும் எல்லையைச் சாக்பீஸால் தரையில் கோடிட்டு நேரத்தை எழுதுங்கள். மாலையில் ஒரு வரைபடமே கிடைத்துவிடும். வெயில் விழாத மூலையிலும் வெளிச்சம் உண்டு. அதை அறிய, ஒரு வெள்ளைத் தாளுக்கு ஓரடி மேலே நண்பகலில் கையை நீட்டுங்கள். கையின் நிழல் கூர்மையாக விழுந்தால் நல்ல வெளிச்சம். விளிம்பு கலங்கி, ஆனால் கை என்று தெரிந்தால் கீரைகளில் சில தேறும். நிழலே விழாவிட்டால் அந்த இடத்தைத் துடைப்பத்துக்கு விட்டுவிடுங்கள். கண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது இருட்டுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிற சாமர்த்தியசாலி. வெட்டவெளியில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும். வானம் தெரிகிற நல்ல நிழல் அதில் பத்தில் ஒரு பங்கு. வீட்டுக் கூடத்தின் நடுவில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும், நமக்கோ அதுவே வெளிச்சமாகத் தெரிகிறது. செடிக்குத் தெரியாது.

பால்கனியின் கைப்பிடிச் சுவர் கம்பி வைத்ததா, கெட்டிச் சுவரா என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மூன்றடிக் கெட்டிச் சுவர் என்றால் அதை ஒட்டிய தரை எப்போதும் இருட்டுதான். வெளிச்சம் இல்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் பலருக்கு அது இரண்டடி உயரத்தில், செடியின் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பழைய ஸ்டூலோ இரும்பு ஸ்டாண்டோ போட்டுத் தொட்டியை உயர்த்தினால் போதும். ஆனால் சுவரின் மேலே மட்டும் எந்தத் தொட்டியையும் வைக்காதீர்கள், கம்பி கட்டியிருந்தாலும். கீழே குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். உள்சுவருக்கு வெள்ளையடிக்க வீட்டுக்காரர் சம்மதித்தால் அடித்துவிடுங்கள். வெள்ளைச் சுவர் திருப்பி அனுப்பும் வெளிச்சம் நிழலில் நிற்கும் செடிக்கு ஒரு நேரச் சாப்பாடு.

உங்கள் நிழல் மரத்தால் வருவதென்றால் அது நிரந்தரமில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. முதல்நாள்வரை வாதாமர நிழலில் இருந்த பால்கனிகள் மறுநாள் பட்டவெயிலுக்கு வந்தன. எதிர்மனையில் புதிதாக ஒரு கட்டடம் எழும்பினால் கதை தலைகீழ். சாக்பீஸ் கோட்டை ஆண்டுக்கு இருமுறை, ஆடியிலும் தையிலும், திரும்பப் போட்டுப் பாருங்கள்.

இனிச் செடிகள். இலையாகப் பறித்துச் சாப்பிடுவதையும் கிழங்காகத் தோண்டி எடுப்பதையும் வளருங்கள். பழமாகப் பறிப்பதை விட்டுவிடுங்கள். செடிக்கு ஒளிதான் வருமானம். இலை அதன் அன்றாடச் செலவு. பூவும் காயும் மிச்சம் பிடித்தால் செய்கிற ஆடம்பரம். ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் கத்தரியும் வெண்டையும் உயிரோடிருக்கும், நெடுநெடுவென்று வளரவும் செய்யும், காய்க்கத்தான் காய்க்காது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பை வாங்குபவர்களும் அதிலுள்ள காய்கறி விதைகளை மொட்டை மாடி உள்ள உறவினருக்குக் கொடுத்துவிட்டு, கீரை விதையையும் பைகளையும் நார்க்கழிவுக் கட்டிகளையும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் தொட்டி கற்பூரவல்லி. நாலு அங்குலத் தண்டு ஒன்றைக் கிள்ளி ஈர மண்ணில் செருகினால் போதும், சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. மழைக்காலச் சளிக்கு ஒரு கஷாயம், மாலையில் பஜ்ஜி. இரண்டாவது புதினா. காய்கறிக்கடைக் கட்டில் தடித்த தண்டுகளாகப் பார்த்து எடுத்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். அகலமான, ஆழம் குறைந்த தொட்டிக்கு மாற்றுங்கள். புதினா பக்கவாட்டில் ஓடுகிற சாதி. வேறு செடியோடு அதைக் கூட்டு வைக்காதீர்கள், மொத்த இடத்தையும் பட்டா போட்டுக்கொள்ளும். பொன்னாங்கண்ணியும் அப்படியே தண்டிலிருந்து வரும். வல்லாரைக்கு ஈரம் பிடிக்கும்; மற்ற செடிகள் அழுகிப்போகிற ஈர மூலையில் அது செழிக்கும். மூன்று நாலு மணி வெயில் உள்ளவர்களுக்கு மணத்தக்காளியும் கொடிப்பசலையும் தாராளமாக வரும். பசலைக்கு ஒரு கயிறு கட்டி ஜன்னல் கம்பியில் ஏற்றிவிடுங்கள்.

வெற்றிலையை நான் தனியாகச் சிபாரிசு செய்வேன். அதற்குப் பன்னிரண்டு அங்குலத் தொட்டியும் பிடித்து ஏறச் சொரசொரப்பான ஒரு கம்பும் வேண்டும். தென்னை நார் சுற்றிய கம்பாக இருந்தால் கணுக்களில் விடும் வேர் அதைக் கவ்விக்கொள்ளும். தொடக்கத்தில் மெதுவாகத்தான் ஏறும். பொறுமையில்லாதவர்கள் உரத்தைக் கொட்டிக் கொன்றுவிடுவார்கள். நிலைத்துவிட்டால் வெள்ளிக்கிழமை பூஜைக்கும் விருந்தாளி தாம்பூலத்துக்கும் கடைக்கு ஓட வேண்டாம்.

மஞ்சள் இன்னொன்று. வைகாசியில் முளைவிட்ட ஒரு விரலி மஞ்சளை அகலமான தொட்டியில் ஊன்றினால் எட்டு மாதம் கழித்துத் தைப்பொங்கலுக்குப் பானைக் கழுத்தில் கட்ட இலையோடு மஞ்சள் கொத்து உங்கள் பால்கனியிலிருந்தே வரும். பொங்கலுக்கு முதல்நாள் பாண்டி பஜாரில் பேரம் பேசிப் பழகியவர்களுக்கு அதன் அருமை புரியும். இஞ்சியும் இதே வழிதான். இரண்டுக்கும் அரைநிழல் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும், தேங்கும் நீர் ஒத்துக்கொள்ளாது. மார்கழியில் இலை பழுத்துச் சாய்வதைக் கண்டு செடி செத்துவிட்டதென்று பிடுங்கி எறியாதீர்கள், கிழங்கு முற்றுகிறது என்று பொருள்.

தவசிக்கீரையை 'மல்டிவைட்டமின் கீரை' என்று பெயர் சூட்டி நர்சரிகளில் விற்கிறார்கள். அரைநிழலில் அருமையாக வரும், பொரியலுக்கு நல்லது. ஆனால் பச்சையாக அரைத்து ஜூஸ் குடிக்கச் சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள். 1990களில் தைவானில் உடல் இளைக்க அதன் பச்சைச் சாற்றை வாரக்கணக்கில் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் மீளாதபடி கெட்டது. சமைத்து, அளவாக உண்ணுங்கள்.

பூ வேண்டுமென்பவர்களுக்கு: கனகாம்பரம் இலேசான நிழலைத் தாங்கிப் பூக்கும். டிசம்பர் பூவும் காசித்தும்பையும் அப்படியே. மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் வெயில் தராமல் பூ வாங்க முடியாது. தள்ளுவண்டியில் பூத்துக் குலுங்கி வருகிற ரோஜா எங்கேயோ ஒரு நர்சரியின் திறந்தவெளியில் வளர்ந்தது. உங்கள் பால்கனிக்கு வந்த முதல் வாரம் அது பூப்பது பழைய சேமிப்பில். அந்தச் சேமிப்பு தீர்ந்ததும் வண்டிக்காரர் மேல் கோபப்படுவதில் நியாயமில்லை.

அடுத்தது எடை, வாடகைக்கு இருப்பவர்களும் சொந்த ஃப்ளாட்காரர்களும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். பன்னிரண்டு அங்குல அகலமும் அதே உயரமுமுள்ள ஒரு பை சுமார் 22 லிட்டர் கொள்ளும். அதில் வெறும் செம்மண்ணை நிரப்பி நீர் ஊற்றினால் 30 கிலோவுக்கு மேல் போகும். வீட்டுப் பால்கனிகளைச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ சுமைக்கு வடிவமைக்க வேண்டும் என்பது ஐஎஸ் 875 என்னும் இந்தியத் தரம் சொல்வது. படித்தவுடன் 'அடேயப்பா, நிறைய வைக்கலாமே' என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தக் கணக்கில் நீங்களும் வாஷிங் மெஷினும் தீபாவளி இரவில் வேடிக்கை பார்க்கக் கூடும் சுற்றமும் அடக்கம். கட்டடம் பழையதென்றால், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து அடிப்பக்கக் காரை பெயர்ந்திருந்தால், பொறியாளர் பார்க்கும்வரை தொட்டியே வேண்டாம். நல்ல பால்கனியிலும் கனமானவை வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கட்டும், நீட்டிய நுனியில் இலேசானவை. சிமென்ட் தொட்டிகளைக் கீழ்த்தளத்துக்காரர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.

எடையைக் குறைப்பது மண் கலவையில்தான் இருக்கிறது. ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய எரு, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை வாங்கியபடியே பயன்படுத்தக் கூடாது. அதில் உப்பு இருக்கும். பக்கெட்டில் ஊறவைத்து உப்பிய பிறகு பிழிந்து, சாயத் தண்ணீர் தெளிகிறவரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். கீரைக்கு எட்டு அங்குல ஆழம் போதும், மஞ்சள் இஞ்சிக்குப் பன்னிரண்டு. பெயின்ட் பக்கெட், பழ வியாபாரியிடம் கேட்டு வாங்கும் தெர்மாகோல் பெட்டி, ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் டப் என எதுவும் தொட்டியாகும். அடியில் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும், தரையிலிருந்து அரை அங்குலத்தில், துளை போடுங்கள். நிழலில் நிற்கும் தொட்டிக்குத் துளை ஒன்று கூடினால் ஆயுள் கூடும்.

ஏனென்றால் நிழலில் செடியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். மொட்டை மாடிக்காரர் காலையும் மாலையும் ஊற்றச் சொல்வார், அவர் மாடியில் அது சரி. உங்கள் தொட்டி ஈரத்தை இரண்டு மூன்று நாள் பிடித்துவைத்திருக்கும். மேல்மண் காய்ந்து தெரிந்தாலும் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணுவரை விடுங்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு லீவு. இலை வாடியிருக்கிறதே என்று ஊற்றுபவர்கள் உண்டு. வேர் அழுகினாலும் இலை வாடும். அப்போது ஊற்றுவது செத்தவன் வாயில் பால்.

எந்தத் தண்ணீர் என்பதும் சென்னையில் ஒரு கேள்வி. போர் தண்ணீர் பல பேட்டைகளில் உப்பு; ஆர்ஓ கருவி வெளியே தள்ளும் நீர் அதைவிடவும் உப்பு. இந்த உப்பு நீரை மட்டுமே தொடர்ந்து ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி கருகும். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. உப்பு நீரையும் இதையும் கலந்து ஊற்றினால் ஒன்றின் குற்றத்தை மற்றது தீர்க்கும். அரிசி கழுவிய நீர் அன்றைக்கே ஊற்றினால் நல்லது, இரண்டு நாள் வைத்து ஊற்றினால் அண்டைவீட்டார் வந்துவிடுவார்கள். ஏசியின் வெளி யூனிட் ஊதும் அனலுக்கு எதிரே மட்டும் எந்தச் செடியையும் நிறுத்தாதீர்கள்.

அண்டைவீட்டார் என்றதும் கீழ்வீடு ஞாபகம் வருகிறது. அடுக்ககத்தில் தோட்டம் ஒழிந்துபோவது பெரும்பாலும் பூச்சியால் அல்ல, கீழ்வீட்டுக் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையால். அசோசியேஷன் கூட்டத்தில் அந்தச் சட்டை பேசும். ஆகவே ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் தட்டு வையுங்கள். வைத்தால் அடுத்த சங்கடம்: டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது இத்தகைய தெளிந்த நீரைத்தான். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், உலர்ந்த தட்டின் ஓரத்திலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது; நாரால் தேய்த்துக் கழுவுங்கள். அல்லது தட்டு நிறைய ஆற்றுமணலைப் போட்டுவிடுங்கள், நீர் மணலுக்குள் போய்விடும். மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் வீடு வீடாக வந்து பார்ப்பது இந்தத் தட்டுகளைத்தான். அவரோடு சண்டை வேண்டாம்.

பூச்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காற்றோட்டமில்லாத நிழலில் மாவுப்பூச்சி கட்டாயம் வரும். பஞ்சு ஒட்டியதுபோல் கணுவில் தெரிந்த அன்றே பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். மீறிப்போனால் ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி. பஞ்சகவ்யா நல்ல பொருள்தான். கொடுமுடி மருத்துவர் நடராஜன் அதைப் பரப்பியதிலிருந்து எத்தனையோ உழவர்கள் பயன் கண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஏக்கர் கணக்கில் காற்று இருக்கிறது. நாலடிப் பால்கனியில், சாப்பிடும் மேசைக்குப் பக்கத்தில், அதைத் திறக்கும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வாழைப்பழத்தோல் ஊறிய நீர், முட்டை ஓடு, காப்பித்தூள் என்று சமையலறைக் குப்பையை நேராகத் தொட்டியில் போடுவதும் வேண்டாம். மக்கவைத்துப் போட்டால் உரம், மக்காமல் போட்டால் ஈக்கு விருந்து. நிழலில் செடி மெதுவாக வளர்வதால் அதன் பசியும் குறைவு. மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

புறாவுக்கு மட்டும் என்னிடம் இங்கிதமான தீர்வு கிடையாது. முளைக்கீரை நாற்றைத் தின்பது போதாதென்று தொட்டியிலேயே முட்டையும் இட்டுவிடும். வலை கட்டுங்கள். வலை கட்ட அசோசியேஷன் சம்மதிக்காவிட்டால் நாற்று இரண்டு அங்குலம் வளரும்வரை பழைய கொசுவலைத் துணியால் மூடிவையுங்கள்.

இந்த மடலை ஆவணியில் எழுதக் காரணம் உண்டு. சூரியன் இப்போதுதான் உச்சியைக் கடந்து தெற்கே இறங்கத் தொடங்கியிருக்கிறது. வடக்குப் பால்கனிக்காரர்களே, உங்களுக்கு இன்னும் சில வாரமே நேர் வெயில் பாக்கி. கற்பூரவல்லியையும் வல்லாரையையும் வெற்றிலையையும் இப்போதே நட்டு வேர் பிடிக்கவிடுங்கள். மஞ்சளுக்கு வைகாசிவரை காத்திருங்கள். தெற்குப் பால்கனிக்காரர்களே, உங்கள் பருவம் இனிமேல்தான். ஐப்பசிக்குப் பிறகு வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் உங்கள் இடத்தில் கோடையைவிட நன்றாக வரும். சென்னைக் கோடையில் கொத்தமல்லி இலை கொடுப்பதற்குள் பூத்துவிடுகிறது. நடுவில் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் ஸ்டாண்டில் இருப்பவற்றைத் தரைக்கு இறக்கி, தட்டுகளை எடுத்துவிட்டு, கொடிகளைக் கம்பியோடு கட்டிவிடுங்கள்.

நாலு தொட்டிக்கு மேல் இந்த ஆண்டு வேண்டாம் என்பது என் கருத்து. இருபது வாங்கியவர்கள் தையில் பதினெட்டைக் காலியாக அடுக்கிவைத்திருப்பதைப் பார்க்கிறேன். கடைக்குப் போக நேரமில்லை என்பவர்களுக்கு அஞ்சறைப்பெட்டியே விதைக்கடை. ஒரு கைப்பிடி வெந்தயத்தை இன்றிரவு ஊறப்போடுங்கள். காலையில் வடித்து, எட்டு அங்குல ஆழமுள்ள எந்தப் பாத்திரத்திலாவது நெருக்கமாகத் தூவி, அரை அங்குலம் மண் மூடி, நீரைத் தெளியுங்கள், ஊற்றாதீர்கள். மூன்றாம் நாலாம் நாளில் முளை தெரியும், மூன்றரை வாரத்தில் ஒரு கூட்டுக்குத் தேறும். கொத்தமல்லி விதையைச் சப்பாத்திக் கட்டையால் இரண்டாக உடைத்துப் போட வேண்டும். அது பத்து நாளாவது எடுத்துக்கொள்ளும், நடுவில் கிளறிப் பார்க்காதீர்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே முதல் மாடியில் குடியிருக்கும் ஒருவர்